மிக்சிக்கு வைத்த ஒப்பாரி

என்னை அழ வைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் எதிரே ஒரு போனை நிறுத்தி வைத்து, "இப்ப அழுகலாமுங்க பாட்டி" என்று சொன்னவள் எங்கள் கட்டிடத்தின் நாலாவது மாடிப் பெண் ஒருத்திதான்.

நாங்கள் இருப்பது மராட்டிக்காரர் ஊரான சிஞ்ச்வட்டில், சொசைட்டி என்று இங்கே சொல்லும் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தவள் நான். அவர் போன பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டேன். மகனுக்குத் தளேகாவ் பக்கம் ஃபாக்டரியில் வேலை, மருமகளுக்குப் பள்ளிக்கூடத்தில். பகலில் வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். மாறி மாறி முனகிக்கொண்டிருப்போம்.

ஒருநாள் காலையில் குப்பை போடும் கச்சரா டப்பாவை வாசலில் வைக்கக் கதவைத் திறந்தேன். படிக்கட்டில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை, மடியில் லாப்டாப் பை, பக்கத்தில் சாப்பாட்டு டப்பா.

"ஏட்டி, லிஃப்ட் ரிப்பேரா?" என்றேன்.

"இல்லீங் பாட்டி."

"சாவி தொலஞ்சுட்டோ?"

"இல்லீங்."

"அப்போ புருசன்கூட சண்டை. அதுக்குப் படிக்கட்டுல எதுக்கு உக்காருத? உள்ள வந்து உக்காந்து ஏசு. எனக்கும் பொழுது போகணும்லா."

அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது. உள்ளே கூட்டிக்கொண்டு வந்து சாயா போட்டுக் கொடுத்ததும் சொன்னாள். வேலை போய்விட்டதாம். வாடிக்கையாளர்கள் எழுதி அனுப்பும் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. கடைசிச் சில மாதங்களாக, தான் எப்படிப் பதில் எழுதுகிறாள் என்று ஒரு மிஷினுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்திருக்கிறார்கள். அது கற்றுக்கொண்டதும் இவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க," என்றேன். "கொஞ்சம் தப்புத் தப்பா சொல்லிக் குடுத்திருக்கலாம்லா?"

"அப்படித் தோணலீங்க பாட்டி. நல்ல பேரு வாங்கோணும்னு நெனச்சனுங்க."

அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஷின் மேல் எனக்கு என்ன கோபம்? அது பாட்டுக்கு இருக்கிறது. நல்ல பேர் வாங்க நினைத்த பிள்ளையின் கையாலேயே குழியை வெட்டச் சொல்லி, வெட்டி முடித்ததும் கைதட்டி அனுப்பி வைத்தார்கள் பாருங்கள், அந்த மூஞ்சிகளை நினைத்துத்தான்.

வேலை போனது அவள் புருஷனுக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியாது. மாமனார் போன வருஷம் தவறிப்போய், கோயம்புத்தூர்ப் பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு அந்த அம்மாளை இங்கே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. தெரிந்ததெல்லாம் மருமகளின் பெருமை. அதனால் இவள் தினமும் காலையில் குளித்து, அட்டையை மாட்டிக்கொண்டு, மாமியார் கட்டிக் கொடுத்த டப்பாவோடு லிஃப்டில் ஏறி, கீழே போய்ச் சேராமல் நடுவில் இறங்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீடு அவளுக்கு ஆபீஸ் ஆனது.

மாலையில் நான் கீழே இறங்கினால் கார் நிற்கும் இடத்துப் பெஞ்சில் அந்த மாமியார் எனக்காகக் காத்திருப்பாள். தரைத் தளத்து மராட்டிக் கிழவி, எல்லாருக்கும் ஆஜி, அவளும் வந்துவிடுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பு. எங்கள் பெஞ்சில் அந்த வேலைக்கு இன்னும் மிஷின் வரவில்லை, வந்தாலும் என் அளவுக்குக் கூட்டிச் சொல்லாது.

"எம் மருமக ஏஐயில இருக்கறா," என்பாள் மாமியார், ஏஐ என்றால் ஏதோ கலெக்டர் ஆபீஸ் மாதிரி. "ஏங் அக்கா, அந்த ஆயாகிட்டச் சொல்லுங்க."

நான் சொன்னேன். ஆஜி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தன் பேரன் அந்த ஏஐயிடம்தான் பள்ளிக்கூடக் கட்டுரை எழுதி வாங்குகிறான் என்றாள். அவள் மகனுக்கு அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லையாம், எல்லார் வேலையும் போய்விடும் என்கிறானாம். ஆனால் ஜாதகம் கேட்டால் நன்றாகச் சொல்கிறதாம். கடைசியில் என்னைப் பார்த்து மராட்டியில் கேட்டாள், "சட்னி அரைக்குமா அது?"

"என்ன சொல்றாங்க?" என்றாள் மாமியார்.

"உங்க மருமவ கெட்டிக்காரின்னு சொல்லுதாவ," என்றேன்.

எங்கள் சொசைட்டியில் அந்த ஏஐயைப் பற்றி எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. லிஃப்டில் இரண்டு பேர் ஏறினால் அதே பேச்சு. ஒருத்தர் அது உலகத்தை அழித்துவிடும் என்பார், இறங்குவதற்குள் அதையே கேட்டுத் தன் மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதி அனுப்புவார். வாட்சப்பில் காலையில் வரும் சாமி படங்களுக்கு அளவுக்கு மேல் விரல் இருந்தது. அதற்கும் கும்பிட்ட கைகளாகப் பதில் வந்து விழுந்தது. பயப்படுகிறவர்களும் அவர்களேதான், கும்பிடுகிறவர்களும் அவர்களேதான். எச்சில் தட்டைக் குறை சொல்லிக்கொண்டே வழித்து நக்குவது போல இருந்தது எனக்கு.

கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. பேசும் மிஷினுக்கு வயதானவர்களின் தமிழ் வேண்டுமாம். குரல்களைப் பதிந்து பெங்களூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்ப வேண்டும். முதல் கட்டு முழுசாகத் தேறினால் வேலை நிரந்தரம். அப்புறம் மாமியாரிடம் "வேற கம்பெனி மாறீட்டனுங்க" என்று சொன்னால் போதும், நடந்தது எதையும் சொல்ல வேண்டியதில்லை. இதை அவள் சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"உன் சோத்துல மண்ணப் போட்டவனுக்கே ஊட்டி விடப் போறியா?" என்றேன்.

"வேற வழியில்லீங் பாட்டி. அத்தைக்குத் தெரியறதுக்குள்ள இது தேறோணும்."

அவளுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். பேசுவதற்கு முன்னால் ஒரு சத்தியம் உண்டு. போனைப் பார்த்து, "நான் என் விருப்பப்படி இந்தக் குரலைத் தருகிறேன்" என்று சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான், அதைச் சொல்வதற்குள் தாலி கட்டும்போதுகூட வராத வியர்வை வந்துவிட்டது. எங்கள் கல்யாணத்தில் என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

முதலில் சமையல் பற்றிப் பேசச் சொன்னாள். அவல் போஹா செய்வதைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் பெங்களூர்க்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். போனைத் திறந்து அவர் குரலை எனக்கே போட்டுக் காட்டினாள்.

"மேடம், இந்த ஆடியோல தமிழ் பர்சன்டேஜ் ரொம்ப லோவா இருக்கு. காந்தா, கோத்திம்பீர்னு ஃபுல்லா மிக்ஸ்டா இருக்கு. ப்யூர் தமிழ் ஸ்பீக்கரா ட்ரை பண்ணுங்க."

"இவன் பேசுததுல எத்தன பர்சன்டேஜுன்னு கேளு," என்றேன்.

அதன்பிறகு வெங்காயம், கொத்தமல்லி என்று வாயைக் கழுவிக்கொண்டு பேசினேன். இத்தனை வருஷமாக நான் பேசி வந்தது என்ன மொழி என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு இருமச் சொன்னார்கள். தும்மச் சொன்னார்கள். கொட்டாவியும் வேண்டுமாம். நான் விடும் கொட்டாவியைப் பெட்டியில் அடைத்து என்ன செய்வார்கள் என்று கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. கோபமாகப் பேச வேண்டும் என்றபோது மட்டும் எனக்குக் கஷ்டமே இல்லை. பெங்களூர்க்காரரை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன், அவள்தான் "போதுமுங்க பாட்டி, போதுமுங்க" என்று நிறுத்தினாள். அது ஒரே தடவையில் தேறியது.

கடைசியாகத் துக்கம் மட்டும் பாக்கி நின்றது. அழுகை வேண்டும், அதுவும் ஊரில் பாட்டிமார் இழவு வீட்டில் அழுவது போல, ஒப்பாரியாக. அன்று சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும்.

"முடியாது," என்றேன்.

"பாட்டி, இதொண்ணுதானுங்க மிச்சம்."

"ஏட்டி, சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி வைக்கலாமா? விளையாட்டுக்கு ராகத்த இழுத்தாலே எங்க அம்மை வாய்லயே போடுவா. சாவக் கூப்பிடுத மாதிரிலா அது? யார நெனச்சு அழ? எம் மவனயா, பேரனயா?"

அவள் டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். உள்ளே மாமியார் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதம். மேலே முந்திரிப்பருப்பு பொறுக்கி வைத்தது போல் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தாளவில்லை.

எங்கள் வீட்டில் அந்த வாரம் உண்மையிலேயே ஒரு சாவு நடந்திருந்தது. மிக்சி. இட்லிக்குத் தேங்காய் அரைக்கும்போது புகை கக்கி அடங்கிவிட்டது. பழைய சாமான் எடுக்கிறவன் வரட்டும் என்று ட்ரை பால்கனியில், பாத்திரம் கழுவும் இடத்தில், ஓரமாக வைத்திருந்தோம். மனிதரை நினைத்து அழுதால்தானே தோஷம்?

"மிக்சிக்கு அழுவுதேன். அவனுக்கு ராகந்தான வேணும்?"

"எதுக்கோ அழுவுங்க பாட்டி," என்றாள், கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஹாலில் ரோட்டுச் சத்தம் கேட்கும் என்பதால் ட்ரை பால்கனியிலேயே உட்கார்ந்தோம். மிக்சியை நடுவில் வைத்தேன். அவள் வாஷிங்மெஷினுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு போனை அதன்மேல் நிறுத்தினாள். நான் சத்தியத்தைச் சொன்னேன், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன், ஆரம்பித்தேன்.

"பொன்னான மிக்சியே, நீ
பொசுங்கிப் போனதென்ன
தேங்கா அரைச்சவளே, என்னத்
தெருவுல விட்டதென்ன
கைக்கு ஒதவுனவ நீ
கண்ண மூடிப் போனியே..."

நன்றாகவே வந்தது. எனக்கே ஆச்சரியம். அவள் சிரிப்பை அடக்கத் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் மூக்கைச் சிந்தி, நெஞ்சில் அடித்து, இன்னும் ஓங்கி இழுத்தேன். ட்ரை பால்கனியில் இருந்து சத்தம் நேராக மேலே ஏறும் என்பதை இரண்டு பேரும் நினைக்கவில்லை. மராட்டிக்காரர்களுக்குக் கேட்டிருந்தால் யாரோ பாட்டுப் படிக்கிறார்கள் என்று இருந்திருப்பார்கள். அந்த ராகம் என்னவென்று தெரிந்த ஆள் அந்தக் கட்டிடத்திலேயே ஒருத்திதான் இருந்தாள், நாலாவது மாடியில்.

பகலில் நான் கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. மாமியார் செருப்புக்கூடப் போடாமல், கொண்டையை அவிழ்த்து விட்டுக்கொண்டு படியிறங்கி வந்திருக்கிறாள். நான் தலையைத் தூக்குவதற்குள் உள்ளே வந்து, என் பக்கத்தில் விழுந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டாள். யார் போனது என்று கேட்கவில்லை. இழவு வீட்டுக்குள் நுழையும்போது யாரும் கேட்பதில்லை. முதலில் கட்டிக்கொண்டு அழ வேண்டும், விசாரணையெல்லாம் அப்புறம். அடுத்தவர் வீட்டுச் சாவில் நாம் அழுவது நம் வீட்டுத் துக்கத்தை. அதுவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அவள் பாட ஆரம்பித்தாள்.

"என்னப் பெத்த அம்மா, என்ன
எட்டாத ஊருக்குக் கொண்டாந்து வெச்சாங்களே
வாய் தொறந்து பேச ஒரு
வாசப்படி இல்லையே
வெளக்கு வெச்ச வீட்டப் பூட்டி
வெறுங்கையோட வந்தேனே
நாலாம் மாடியில, நான்
நாக்கு ஒணந்து போறேனே..."

நான் பாட்டை நிறுத்திவிட்டேன். என் தோளில் அவள் கண்ணீர் சுடச்சுட இறங்கியது. வாஷிங்மெஷினுக்குப் பின்னால் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்த பெண்ணின் முகத்தில் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. தினமும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாமியார் ஒரு தடவைகூடச் சொல்லாததை அவள் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூக்கைச் சிந்தத் திரும்பியபோது மாமியார் அவளைப் பார்த்துவிட்டாள்.

"கண்ணு... நீ ஆபீஸ் போகலியா?"

 மாமியார் என்னைப் பார்த்தாள், அப்புறம் நடுவில் இருந்ததைப் பார்த்தாள்.

"அக்கா, யாருங்க போனது?"

"மிக்சி," என்றேன்.

எத்தனையோ இடத்தில் ஜோக் அடித்துத் தப்பித்தவள் நான். அன்றைக்கு அது எடுபடவில்லை. மருமகள் எழுந்து வந்து எதிரே மண்டி போட்டு உட்கார்ந்தாள். வேலை போனது, தினமும் இங்கே வந்து உட்கார்ந்தது, குரல் பதிகிற வேலை, எல்லாவற்றையும் சொன்னாள்.  முடித்த பிறகு மாமியார் எங்கள் சமையல் மேடைமேல் இருந்த டப்பாவைக் கை காட்டினாள்.

"நாங் கட்டிக் குடுத்தத இங்க உக்காந்தா தின்னே?"

"ஆமாங் அத்தை."

"ஆறிப்போனதயா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு மாடி மேல நானு வெட்டியா உக்காந்திருக்கேன். சூடாப் போட்டிருப்பனே கண்ணு. எங்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லோணும்னு உங்க ரெண்டு பேருக்கும் தோணலயா? நானு வேலயப் பாத்தா உன்னக் கூட்டிக்கிட்டு வந்தேன்?"

சொல்லிவிட்டு அழுதாள். அதில் ராகம் எதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க, இடையிடையே மூச்சு அகப்படாமல். மருமகள் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, மன்னிச்சிருங்க, பயமா இருந்துச்சுங்க, மன்னிச்சிருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் மிக்சியைத் தூக்கி ஓரத்தில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அழுகை அடங்கியதும் மாமியார் எழுந்து, குளிக்க வேண்டும் என்றாள்.

"யாரும் சாவலயே தாயி," என்றேன்.

"அழுதாச்சுல்லீங் அக்கா. குளிக்காம எப்படி வீட்டுக்குள்ள போவேன்?"

என் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்து, கீசரைப் போட்டுவிட்டு வந்தேன். அதற்குள் அந்தப் பெண் போனைக் கையில் எடுத்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"பாட்டி, இது நிக்கவே இல்லீங். எல்லாமே பதிவாயிருக்குது."

"அழிச்சிரு."

அவள் விரல் அசையவில்லை. "உங்களுது மட்டும் வெட்டி அனுப்பிப் பாக்கறனுங்க," என்றாள். என் மிக்சி ஒப்பாரியை மட்டும் அனுப்பினாள். பெங்களூர்க்காரர் வேலை வெட்டி இல்லாமல் காத்திருந்தார் போல, உடனே பதில் வந்துவிட்டது. நடிப்பு மாதிரி இருக்கிறதாம். கேட்டால் சிரிப்பு வருகிறதாம். நிஜமான எமோஷன் வேண்டுமாம்.

மாமியார் குளித்துவிட்டு, என் சேலையைக் கட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு வந்து நின்றாள். மருமகள் இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. பதிவானதைச் சொன்னாள், என்னுடையது தேறாததைச் சொன்னாள்.

"என்னுது போனா உனக்கு வேல நெலச்சிருமா?"

"நெலச்சிருமுங்க. ஆனா வேண்டாமுங் அத்தை. அது நீங்க நெசமா அழுதது."

"அதத்தான கேக்கறாங்கொ?"

எனக்குப் பொறுக்கவில்லை. "நல்லாருக்கு. அழுகயப் போயா விப்பாவ?" என்றேன். "எவனோ ஒருத்தன் காதுல மாட்டிக்கிட்டு, சாயா குடிச்சுக்கிட்டு உன் அழுகயக் கேட்டு மார்க்குப் போடுவான் தாயி. சீ."

"அக்கா, எங்க வீட்டுக்காரரு போனப்ப ஊரே சுத்தி நின்னு பாத்துது. அப்ப ஒண்ணும் கொறஞ்சு போயிரல. இவ நாளைக்கும் படிக்கட்டுல உக்காந்தாத்தான் எனக்குக் கொறச்சல்." மருமகளிடம் திரும்பினாள். "என்ன பண்ணோணும், சொல்லு."

சத்தியம் பாக்கி இருந்தது. ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தோம். தலைமுடியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மருமகள் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுக்க, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, போனைப் பார்த்து அந்த அம்மாள் சொன்னாள்: "நான் என் விருப்பப்படி இந்தக் குரலைத் தருகிறேன்."

சாவு வீடுகளில் நான் கண்டதுண்டு, பிணத்தின் கையைப் பிடித்து அழுத்திக் கைநாட்டு வாங்குகிற கூட்டத்தை. அந்த ஞாபகம்தான் வந்தது. வாயெல்லாம் கசந்தது. யார்மேல் காறித் துப்புவது என்று தெரியாததால் எழுந்து போய்ச் சமையல்கட்டுத் தொட்டியில் துப்பிவிட்டு வந்தேன்.

அனுப்பினாள். மாமியாரின் பாட்டும் கடைசி அழுகையும் சத்தியமும் போயின. மூன்று பேரும் சாதத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். ஆறித்தான் போயிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது பதில் வந்தது. சத்தமாகவே போட்டாள்.

"மேடம், சூப்பர். இந்தப் பாட்டி செம நேச்சுரல். இதே ஸ்பீக்கர்கிட்ட இன்னும் நெறைய எடுங்க. ஒரே ஒரு கரெக்ஷன். நடுவுல ஒரு யங் லேடி வாய்ஸ் மன்னிச்சிருங்க மன்னிச்சிருங்கன்னு டிஸ்டர்பன்ஸா வருது. அத மட்டும் கட் பண்ணிட்டு அனுப்பிருங்க, அப்ரூவ் பண்ணிடறேன்."

அந்தப் பெண் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு லாப்டாப்பைத் திறந்தாள். காதில் மாட்டிக்கொண்டு, பச்சையாகக் குச்சி குச்சியாக ஓடும் கோட்டில் தன் குரல் எங்கே வருகிறது என்று தேடித் தேடி வெட்டினாள். நகம் வெட்டுகிறவள் போலக் குனிந்து, மூச்சுவிடாமல். மாமியார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங் கண்ணு, வெட்டுனத என்ன பண்ணுவே?"

"ஒண்ணும் பண்றதில்லீங் அத்தை. சும்மா கெடக்கும்."

"அத எம் போனுக்கு அனுப்பு."

இருவரும் ஒன்றாக லிஃப்டில் மேலே போனார்கள். நான் மஞ்சள் கரைத்து வீடு முழுக்கத் தெளித்து, ட்ரை பால்கனியைக் கழுவி விட்டேன். சாயங்காலம் மகன் வந்து, சுவிட்ச் போர்டிலெல்லாம் எதற்கு மஞ்சள் தண்ணீர் என்று கத்தினான். எல்லாச் சுவிட்சுக்கும் தீட்டு என்றேன்.

வேலை நிலைத்துவிட்டது. இப்போது அந்தப் பெண் வீட்டிலிருந்தே செய்கிறாள். பெங்களூர்க்காரர் இன்னும் அழுகை கேட்டிருக்கிறார். மாமியார், "வந்தா அழுவேன், சும்மாச் சும்மா எங்க போறது" என்று சொல்லிவிட்டாளாம். அதற்காக மருமகள் மற்ற வீடுகளில் ஆள் தேடுகிறாள். எங்கள் வீட்டுக்குப் புது மிக்சி வந்தது. பெட்டிமேல் பெரிதாக ஏஐ என்று போட்டிருந்தது. ஆஜியிடம் சொன்னேன். தன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நேற்று மாலை நான் கீழே இறங்கியபோது மாமியார் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, காதில் போனை வைத்திருந்தாள். ஆஜி என் கையைச் சுரண்டி, அவள் யாரோடு பேசுகிறாள், வாயே அசையவில்லையே என்று கேட்டாள்.

பேசவில்லை, மருமகள் பேசுவதைக் கேட்கிறாள் என்றேன்.

"மருமகள் ஊரில் இல்லையா?"

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நாலாவது மாடியில் விளக்கு எரிந்தது. ஜன்னலோரத்தில் அந்தப் பெண் காதில் மாட்டிக்கொண்டு, லாப்டாப்பில் குனிந்து, வேறு யாருடைய அழுகையையோ வெட்டிக்கொண்டிருந்தாள்.